வெளியூர் ஆட்டம்

நாகல் நகர், திண்டுக்கல்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நர்கீஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் ருக்ஸாரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் ஷப்னமும் அப்படியே இருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொள்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். நீ போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். நான் வாயைத் திறந்தால் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை ஹஸ்ஸான், நல்லாருக்கீங்களா மாமா என்கிறார். அவரை வைத்துக்கொண்டு நம் வீட்டுச் சங்கதியை நான் என்னவென்று பேச? நம் தெரு ஆசாத் லீவு முடிந்து நீங்கள் இருக்கிற சார்ஜாவுக்கே திரும்புகிறான். அவன் கையில் கறிமசாலாவும் பூண்டு ஊறுகாயும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். மசாலா ஷப்னத்துக்கு. கடிதம் உனக்கு மட்டும்.

முதலில் நீ நிம்மதிப்படுகிற சங்கதி. திருச்சி ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று என்னிடம் ஒரு வாக்கு வாங்கினாய். ருக்ஸார் காலேஜில் விளையாடட்டும், போன அன்றைக்கே திரும்புகிற ஊர் என்றால் அங்கேயும் போகட்டும், வெளியூரில் ராத்தங்கல் மட்டும் கூடாது என்றாய். "நான் வர்ற வரைக்கும் புள்ள நம்ம கூரைக்குக் கீழதான் தூங்கணும்" என்று சொல்லி, நான் சரி என்ற பிறகுதான் உள்ளே போனாய். அந்த வாக்கு அப்படியே இருக்கிறது. தோல் வியாபாரத்தில் வாய்ப்பேச்சை வைத்தே முன்னுக்கு வந்தவன் நான். வீட்டில் வந்து மாற்றிப் பேச மாட்டேன்.

போன வருஷம் பந்து பட்டு உதடு கிழிந்து தையல் போட்டது உன் மனசில் இருக்கிறது என்று தெரியும். இந்த வருஷம் அவள் முகத்துக்குக் கம்பிக்கூண்டு போடுகிறாள். நெஞ்சுக்கும் முழங்காலுக்கும் தனித்தனியாகக் கவசம் உண்டு. தலைத்துணியை இறுக்கிக் கட்டி அதன் மேல் கூண்டை மாட்டினால் பெற்ற எனக்கே அடையாளம் தெரியவில்லை. மட்டை பிடிக்கிற பெண்ணுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, எதிரிலிருந்து வருகிற பந்தைப் பிடிப்பதுதான் அவள் வேலை. சாப்ட்பால் என்று பெயர் வைத்தவன் அந்தப் பந்தைத் தொட்டே பார்த்திருக்க மாட்டான். கல்லு மாதிரி இருக்கிறது.

இனி என் கூத்தைச் சொல்கிறேன். உன் அண்ணன் இஷாக் மச்சான் போனில் உனக்குச் சொல்லிவிடுமுன் நானே சொல்வது நல்லது.

காலேஜில் பந்து பிடிக்கிற தோல் உறைகள் எல்லாம் கிழிந்துபோய்விட்டன. புதிது வேண்டுமென்றால் வடக்கேயிருந்து வர வேண்டும். விளையாட்டு டீச்சர் செபஸ்தியம்மாள் கிழிந்த உறை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார். "பாய், நீங்க கையுறை தைக்கிறவுகதான, இந்த மாதிரி எங்க டீமுக்குத் தைச்சுத் தாங்களேன்" என்றார். வாங்கிப் பார்த்தேன். இடது கை உறை. நம் தொழில் உனக்குத் தெரியும். வெல்டிங் வேலை பார்க்கிறவன் வலது கை உறையைத்தான் முதலில் பொசுக்குவான். அதைத் தூக்கி எறிந்துவிட்டு, மிச்சமிருக்கிற இடதை மாதிரிக்குக் கொடுத்தனுப்புவான். இடது வந்தால் வலதைத் தைத்துக் கொடுக்க வேண்டும். பட்டறை தொடங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கம், ஒருவனும் குறை சொன்னதில்லை. அதனால் டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல தோலாகப் பொறுக்கி, உள்ளங்கைக்கு இரட்டைத் தையல் போட்டு, டீம் மொத்தத்துக்கும் வலது கை உறையாகத் தைத்து நானே மைதானத்தில் கொண்டுபோய் இறக்கினேன்.

பிள்ளைகள் ஆளுக்கொன்று எடுத்து மாட்டின. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. உன் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பாய், எறியிறதுதான் வலது கை, உறை பிடிக்கிற கைக்கு, அது இடது கை என்றார். அப்ப இம்புட்டு நாளும் இவளுக இடது கையிலயா பந்தைப் புடிச்சாளுக என்று நான் கேட்டதும் மறுபடியும் சிரிப்பு. ருக்ஸார், "அத்தா, நீங்க ஒரு நாளாச்சும் வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சரக்கைத் திரும்ப மூட்டை கட்டினேன். ஒன்று குறைந்தது. பார்த்தால் ஓரமாக நின்ற ஒரு பெண் உறையைக் கழற்றாமல் நிற்கிறாள். பெயர் பொன்னழகு. நெய்க்காரப்பட்டிப் பெண், அப்பா ராமர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். டீமில் பெயர் இருந்தாலும் ஆட விட்டதில்லை, உட்கார்ந்து கை தட்டுகிற ஆள். விசாரித்தால் அவள் இடது கைக்காரி. காலேஜில் இருந்த உறையெல்லாம் இடது கைக்கு. அதை மாட்டிக்கொண்டால் எறிய வலது கைதான் மிச்சம், அந்தக் கையில் அவளுக்கு எறிய வராது. இடது கையை நீட்டினாலே, அந்தக் கைய மடக்கு, அந்தக் கைய மடக்கு என்று சொல்லி வளர்த்த பிள்ளை. எனக்கு வேறு உறை வேண்டும் என்று டீச்சரிடம் கேட்கவே வாய் வரவில்லை.

இப்போது வலது கையில் என் உறை, இடது கை சும்மா இருந்தது. டீச்சர் அதில் பந்தைக் கொடுத்தார். கையைக் கீழ்வாக்கில் ஒரு சுற்றுச் சுற்றி விட்டாள் பாரு! ருக்ஸார் பிடித்தபோது பட்டறையில் தோலைக் கட்டையால் அடிக்கிற சத்தம் கேட்டது. சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நிறுத்திவிட்டன. டீச்சர் இன்னொன்று போடு என்றார். அதற்கப்புறம் என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை.

மறுபடியும் எல்லாருக்கும் இடது கை உறை தைத்துக் கொடுத்துவிட்டேன். பந்து எறிகிற வேலை இப்போது பொன்னழகுக்கு. முதல் ஆட்டம் நம்மூரிலேயே நடந்தது. அவள் போட்ட பந்தை எதிர் டீம் பிள்ளைகளால் தொடவே முடியவில்லை. போன வருஷம் முதல் ஆட்டத்திலேயே மூட்டை கட்டிய டீம், ஜெயித்துவிட்டது. பார்க்க வந்தது நான், காலேஜ் வாட்ச்மேன், வேலி ஓரமாக மேய்ந்த இரண்டு ஆடு.

இஷாக் மச்சான் பட்டறைக்கு வந்து சத்தம் போட்டார். பொட்டப்புள்ளைய வெட்டவெளியில ஓட விட்டுட்டு, போதாக்குறைக்கு நீரே உறையும் தைச்சுக் குடுக்குறீரா மாப்ள என்றார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அவர் போனில் ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள், மனசில் வைக்காதே.

ஷப்னத்துக்கு இது நிறைமாசம், மாடிப்படி ஏறவிடாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

துஆவுடன்,
ஜெகபர் அலி


நாகல் நகர், திண்டுக்கல்
திங்கட்கிழமை

அன்புள்ள நர்கீஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பேத்தியின் போட்டோவைப் பட்டறையில் எல்லாருக்கும் காட்டிவிட்டேன். மூக்கு உன் மூக்கு. நெற்றி மாப்பிள்ளை வீட்டு நெற்றி, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். ஷப்னத்துக்கு என் சலாம் சொல்.

இந்தக் கடிதத்தைக் கூரியரில் போடுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும் என்கிறான். வர வேண்டும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் ஊர் சங்கதி.

ஊரே மாறிவிட்டது நர்கீஸ். ருக்ஸாரைக் காலேஜில் விடுகிற ஆட்டோக்கார அழகுராஜாவை உனக்குத் தெரியும். ஒரு நாள் அவளைக் கூட்டிப் போக வந்தவன் வேலியோரம் செத்த நேரம் நின்று பார்த்திருக்கிறான். அடுத்த ஆட்டத்துக்கு ஸ்டாண்டில் இருந்த பாதிப் பேரைக் கூட்டி வந்துவிட்டான். ஒருத்தனுக்கும் ஆட்டம் புரியவில்லை. எதிர் டீம் பெண் பந்தைக் கோட்டுக்கு வெளியே வானத்துக்கு அடித்தால் அது செல்லாது. இவர்கள் சிக்ஸர் சிக்ஸர் என்று விசில் அடிக்கிறார்கள். நம் பிள்ளை ஓடி வந்து ரன் எடுத்தால், இன்னொரு பக்கம் ஸ்டம்ப் எங்கடா என்று தேடுகிறார்கள். இப்போது அழகுராஜா எல்லாம் படித்துவிட்டான். கையில் மைக் வைத்துக்கொண்டு, ஏலே, இது ஸ்ட்ரைக், மூணு ஸ்ட்ரைக்னா அந்தப் புள்ள வீட்டுக்குப் போகணும், கை தட்டுங்கடா என்று பாடம் நடத்துகிறான்.

பழனியில் ஒரு ஆட்டம். காலையில் போய்ப் பொழுது சாயத் திரும்பிவிட்டோம், பயப்படாதே. நெய்க்காரப்பட்டி அங்கேயிருந்து பக்கம்தானே, ராமர் ஒரு டெம்போ நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கொட்டு, இளநீர், பொம்பளைகள், கைக்குழந்தைகள். பொன்னழகு ஆளை அவுட்டாக்குகிற ஒவ்வொரு தடவையும் கொட்டு அடித்தார்கள். நடுவர் வந்து பந்து போடும்போது அடிக்காதீர்கள் என்று கும்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. ராமர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏனுங்க பாய், இந்தக் கையில சோத்தத் தொட்டா அவங்கம்மா முதுகுல ஒண்ணு வெப்பாளுங்க. அதே கைக்கு இங்க இம்புட்டுப் பேரு கை தட்டறாங்க, என்னத்தச் சொல்றதுங்க" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயிலும் அன்றைக்கு அதிகம்தான்.

பைனல் நம்மூர் மைதானத்தில் நடந்தது. எதிரே மதுரையிலிருந்து வந்த டீம், வருஷா வருஷம் கோப்பை தூக்குகிறவர்கள். நம் தெருப் பொம்பளைகள் மொத்தமும் புர்காவோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பூ மார்க்கெட்டிலிருந்து கூடைக்காரிகள் வந்திருந்தார்கள். முதல் வரிசையில் நாற்காலி போட்டுக் குடை பிடித்து உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? உன் அண்ணன். கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார். சும்மா இந்தப் பக்கமா வந்தேன் மாப்ள என்றார். குடையும் நாற்காலியும் சும்மா வந்த மாதிரி இல்லை.

ஆட்டத்தின் கடைசிச் சுற்று, நாம் ஒரு ரன் முன்னால் இருந்தோம். அவர்களில் ஒரு பெண் ஓடி வந்து கடைசிக் கட்டத்தைத் தொட்டுவிட்டால் சமம் ஆகிவிடும். அந்தக் கட்டத்துக்குக் காவல் ருக்ஸார். அவர்கள் அடித்த பந்து தூரமாக உருண்டது. அந்தப் பெண், நம் ருக்ஸாரைப் போல இரண்டு மடங்கு இருப்பாள், குனிந்துகொண்டு நேராக இவளைப் பார்த்து ஓடி வருகிறாள். நம் பிள்ளைகள் பந்தை எடுத்து இவளிடம் எறிந்துவிட்டார்கள். மிச்சத்தை நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். வாயில் என்ன சூரா வந்ததோ அதை ஓதினேன். பெரிய சத்தம் கேட்டது. மச்சான் என் தோளைப் பிடித்து உலுக்கி, "அவுட்டு மாப்ள, அவுட்டு! நம்ம புள்ள அசையல, மலை மாதிரி நின்னுச்சு" என்றார். கண்ணைத் திறந்தால் மச்சான் நாற்காலி மேல் நிற்கிறார். ருக்ஸார் மண்ணில் கிடந்தாள், கையில் பந்து இருந்தது. எழுந்தவள் முதலில் கீழே விழுந்த அந்தப் பெண்ணைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள், அப்புறம்தான் பொன்னழகு ஓடி வந்து இவளைத் தூக்கினாள். கோப்பை நமக்கு. அவள் முகத்தில் ஒரு கீறல் இல்லை. முழங்கையில் சிராய்ப்பு இருக்கிறது, உனக்கு அனுப்பிய போட்டோவில் மறைத்துப் பிடித்திருந்தாள், நான் மறைக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

யூனிவர்சிட்டி டீமுக்கு ருக்ஸாரையும் பொன்னழகையும் எடுத்திருக்கிறார்கள். பஞ்சாபில் முதலில் பயிற்சி முகாம், அப்புறம் அங்கேயே போட்டி. இந்தியா முழுவதும் இருந்து டீம்கள் வருகின்றன. ரயிலிலேயே இரண்டு ராத்திரி போகும். செபஸ்தியம்மாள் டீச்சரும் கூடப் போகிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் வீட்டில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ராமர், "பாய் புள்ள போனா என்ற புள்ளையும் போகும், இல்லீங்கன்னா ரெண்டும் இங்கயே இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டார். ருக்ஸாரைப் போல அவள் பந்தைப் பிடிக்க வேறு ஆள் இல்லை, அது எனக்கே தெரிகிறது. ஆக இரண்டு வீட்டுப் பிள்ளைகளின் பயணம் உன் ஒரு வார்த்தையில் நிற்கிறது.

நான் கையெழுத்துப் போடவில்லை. டீச்சர் பேனாவை நீட்டினார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவருக்கு ஆச்சரியம். பாய், முடிவெடுக்குறது நீங்கன்னுல்ல நெனச்சேன் என்றார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ருக்ஸார் என்னிடம் கேட்கவில்லை. அம்மா வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்கு, அதுக்கிட்டப் போன்ல கேட்டுச் சங்கடப்படுத்தாதீங்க அத்தா என்று ஒரே தடவை சொன்னாள். அதோடு பேச்சை விட்டுவிட்டாள். எப்போதும் போலச் சாப்பிடுகிறாள், படிக்கிறாள். நீ வேண்டாம் என்றால் அவள் கேட்காமலே இருந்துவிடுவாள். நானும் வாக்கை மீற மாட்டேன். ஆனால் அவள் கேட்காமல் இருப்பதைத் தினமும் நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நீ இங்கே இருந்தாலும் அதைப் பார்த்துத் தாங்க மாட்டாய்.

இதனால் சர்டிபிகேட் வரும், வேலைக்கு உதவும் என்று டீச்சர் சொன்னார். நான் வியாபாரி, அதையும் யோசிக்கத்தான் செய்கிறேன். ஆனால் அதற்காக உன்னிடம் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் நினைத்துப் பார். நாகூரைத் தாண்டி நீ தனியாக எங்கேயும் போனதில்லை. ஷப்னத்துக்குத் துணை வேண்டும் என்றதும் பாஸ்போர்ட் எடுத்துத் தனியாக விமானம் ஏறினாய். யாரிடம் கேட்பாய், எங்கே இறங்குவாய் என்று நான் புலம்பியபோது, நான் என்ன காணாமலா போயிருவேன் என்று கேட்டாய். போய்ச் சேர்ந்தாய். அங்கே பேத்தியை முதலில் வாங்கிய கை உன் கை. அன்றைக்கு நான் தடுத்திருந்தால் நீ என்னை என்ன சொல்லியிருப்பாய்?

சரி என்றாலும் வேண்டாம் என்றாலும் என்னிடம் சொல்லாதே. அவளிடமே சொல். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவள் வீட்டில்தான் இருப்பாள்.

பேத்திக்கு என் துஆ.

உன் பதிலை எதிர்பார்த்து,
ஜெகபர் அலி


நாகல் நகர், திண்டுக்கல்
புதன்கிழமை

அன்புள்ள நர்கீஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இன்றைக்குக் காலை வண்டியில் இருவரையும் ஏற்றிவிட்டேன். சென்னை போய் அங்கிருந்து டெல்லி, அப்புறம் பஞ்சாப். டெல்லி வண்டியில் கீழ்ப் படுக்கை கிடைத்திருக்கிறது. டீச்சர் எதிரிலேயே இருக்கிறார். கம்பளி எடுத்துப் போயிருக்கிறாள், நீ சொன்ன கஷாயப் பொடியும் எடுத்துப் போயிருக்கிறாள்.

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை எனக்குப் போட்டுக் காட்டினாள். "போயிட்டு வா. மூஞ்சில பந்து பட்டுச்சுன்னா வீட்டுக்கு வராத, அங்கனயே இருந்துக்க" என்று நீ திட்டினதை அவள் எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. ராமரிடமும் போட்டுக் காட்டினாள். அவர், அம்மா சொன்னா சரிதானுங்க என்று மகள் தலையில் கை வைத்தார்.

ஸ்டேஷனுக்குப் பெரிய கூட்டம். ஆட்டோ ஸ்டாண்ட், தெருக்காரர்கள், நெய்க்காரப்பட்டி டெம்போ. கொட்டு வேண்டாம் என்று போலீஸ்காரர் சொன்னார், அப்புறம் அவரே எந்த டீம், எங்கே போட்டி என்று விசாரித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மச்சான் இரண்டு பிள்ளைகளுக்கும் பிரியாணி கட்டிக் கொண்டு வந்தார். பொன்னழகு கறி சாப்பிட மாட்டாள் என்று அவளுக்குக் காய் பிரியாணி, தனிப் பாத்திரத்தில் செய்ததாம். வண்டி நகர்ந்ததும் அழகுராஜா பிளாட்பாரம் முடியுமட்டும் ஓடினான். நான் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றேன். ருக்ஸார் ஜன்னலில் கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

பட்டறைக்குப் போய்விட்டு மதியம் வீட்டுக்கு வந்தேன். மச்சான் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம் நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் சத்தமே இல்லை. பிரிட்ஜ் ஓடுகிற சத்தம் இவ்வளவு பெரிது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. ஒரு நாளைக்குள் பழகிவிடும்.

ஷப்னத்தின் உடம்பு நன்றாகத் தேறட்டும். குழந்தையைப் பார்த்துக்கொள். அவசரமில்லை.

பிள்ளைகள் போட்டி முடிந்து வரும்போது குழந்தைக்கு நாற்பது நாளும் கழிந்திருக்கும். அன்றைக்கு ஸ்டேஷனில் ருக்ஸார் இறங்கும்போது நான் மட்டும் நின்றால் நன்றாக இருக்காது. உன்னைத்தான் தேடுவாள். எந்த விமானம் என்றாலும் சரி, எந்நேரம் வந்து இறங்கினாலும் திருச்சிக்கு நானே வந்து நிற்கிறேன். டிக்கெட்டுக்கு என்ன விலை சொன்னாலும் பேரம் பார்த்து நாளைத் தள்ளாதே. போட்டுவிடு.

உன் வரவுக்காக,
ஜெகபர் அலி